மரத்தாயும் மண்மேடும்
நூல் ஆய்வு

திருவதிகையில் கெடிலக் கரையோரம் மாலையில் நடக்கும்போது, பள்ளி மாணவர் சிலர் என்னோடு சேர்ந்துகொள்வது வழக்கம். சென்ற பருவத்தில் அவர்களுள் ஒருவன் கேட்டான்: “சார், காட்டில் தாய்மரம் ஒன்று இருக்குமாம். அது மண்ணுக்குள் காளான் நூல் வழியாகத் தன் குட்டி மரங்களுக்கு உணவு அனுப்புமாம். உண்மையா?”

அதே வாரம், பண்ணுருட்டிக்கு அப்பால் முந்திரி வைத்திருக்கும் ஒரு விவசாயி வேறொரு கேள்வியோடு வந்தார். “வாத்தியாரே, ஒட்டுக்கன்று எல்லாம் மஞ்சளடித்து நிற்கிறது. ஏதோ பூசணப் பொடியாம், தாய்மரம் பால் கொடுப்பதுபோல் கன்றுக்குச் சத்து கொடுக்குமாம். பத்துப் பொட்டலம் வாங்கிவிட்டேன். போடலாமா?”

இரண்டு கேள்விகளுக்கும் ஊற்று ஒன்றே. கனடா நாட்டு வனவியல் அறிஞர் சூசான் சிமார்ட் எழுதி, 2021-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘ஃபைண்டிங் த மதர் ட்ரீ’ என்னும் நூல்தான் அது. ‘தாய்மரத்தைத் தேடி’ என்று நாம் அதைச் சொல்லிக்கொள்ளலாம். நூலைப் படிக்காதவர்களும் அதன் கருத்தைக் காணொளிகளிலும் சொற்பொழிவுகளிலும் கேட்டிருப்பார்கள். இவ்வளவு தூரம் பரவிய நூலை நன்கு எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமையாகும். அதை நம் ஊர் மண்ணில் நின்றுகொண்டே செய்வோம்.

நூல் சொல்லும் கதை

மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர் சிமார்ட். சிறுமியாக இருந்தபோது வீட்டு நாய் கழிப்பிடக் குழியில் விழுந்துவிட்டது. அதை மீட்கப் பெரியவர்கள் மண்ணை வெட்டியபோது, காட்டு மண்ணின் அடுக்குகளையும் அதில் பின்னிக் கிடந்த வேர்களையும் முதன்முதலாகப் பார்த்ததாக எழுதுகிறார். பிறகு வனத்துறைப் பணியில் சேர்ந்தார். அங்கே, வெட்டிய காட்டில் நட்ட கன்றுகள் மஞ்சளடித்துச் சாவதைக் கண்டார். பிடுங்கிப் பார்த்தால் அவற்றின் வேர்களில் பூசண இழைகள் இல்லை. பக்கத்தில் தானாக முளைத்த கன்றுகளின் வேர்களிலோ அவை நிறைய இருந்தன.

அந்நாளில் அப்பகுதி வனத்துறையின் கொள்கை என்ன தெரியுமா? விலைபோகும் டக்ளஸ் ஃபர் மரம் மட்டும் வளரவேண்டும். பிர்ச் போன்ற மரங்கள் அதன் வெளிச்சத்தைப் பறிக்கும் களைகள். ஆகவே மருந்து தெளித்து அவற்றை ஒழிக்கவேண்டும். சிமார்ட் இதை எதிர்த்தார். பிர்ச்சை ஒழித்த இடங்களில் ஃபர் மரங்களை வேரழுகல் நோய் அதிகம் தாக்கியதை எண்ணிக் காட்டினார். மேலதிகாரிகளின் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் பல ஆண்டுகள் சோதனை செய்தார்.

நூலின் இந்தப் பகுதி மிகச் சிறந்தது என்றே சொல்லவேண்டும். வெயிலில் கன்று நடுவது, கரடிக்குப் பயப்படுவது, சோதனை பாழாகி மறுபடி தொடங்குவது என, ஓர் ஆய்வாளரின் உழைப்பை நம் மாணவர்கள் இதில் கண்கூடாகக் காணலாம். தாம் புற்றுநோயில் விழுந்ததையும், யூ என்னும் மரத்தில் முதலில் கண்டறியப்பட்ட மருந்தால் சிகிச்சை பெற்றதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். படிப்பவர் மனம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நாம் விழிப்பாக இருக்கவேண்டியதும் இங்கேதான்.

1997-ஆம் ஆண்டுச் சோதனை

நூலின் நடுத்தூண் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு. பிர்ச், டக்ளஸ் ஃபர், சீடர் ஆகிய மூன்று கன்றுகளை அருகருகே வளர்த்தார்கள். முதல் இரண்டும் ஒரே வகைப் பூசணங்களோடு கூட்டுச் சேர்பவை. சீடர் வேறு வகைப் பூசணத்தோடு சேர்வது. ஆகவே முதல் இரண்டையும் ஒரே பூசண இழை இணைக்கலாம். சீடரை இணைக்க முடியாது. பிர்ச்சையும் ஃபரையும் பிளாஸ்டிக் பைகளால் மூடி, ஒன்றுக்குக் கரி-13 கலந்த கரியமில வாயுவும் மற்றதற்குக் கரி-14 கலந்த கரியமில வாயுவும் கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து எந்தக் கரி எந்தச் செடியில் இருக்கிறது என்று அளந்தார்கள்.

கரி இரு திசையிலும் போயிருந்தது. கணக்குப் பார்த்தால் ஃபருக்கு நிகர வரவு. அது, அச்செடி ஒளிச்சேர்க்கையால் ஏற்ற ஐசோடோப்புக் கரியில் சராசரி 6 சதவீதம். ஃபரை நிழலில் வைத்தால் வரவு கூடியது. அருமையான சோதனை! இதழ் இதை அட்டையிலேயே கொண்டாடியது. மரங்களின் தொலைபேசி வலை என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது இதன் பிறகுதான்.

ஆனால் மூன்றாவது செடியான சீடரைக் கவனியுங்கள். பூசண இழையால் இணையாத அதற்கும் சிறிதளவு கரி போய்ச் சேர்ந்திருந்தது. எப்படி? வேர்கள் மண்ணில் சர்க்கரைகளைக் கசியவிடுகின்றன. மண் உயிர்கள் சுவாசித்துக் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வழியாகவும் கரி நகரும் என்பதே இதன் பொருள். சீடருக்குக் கிடைத்தது குறைவு என்பதால், மீதியெல்லாம் இழை வழியாகப் போனது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் சீடர் வேறோர் இனம். அதன் வேர் கரியை உறிஞ்சும் வேகமும் வேறாக இருக்கலாம். ஃபரையே இரண்டு வகையாக வைத்து, ஒன்றில் இழையை அறுத்தும் மற்றதில் அறுக்காமலும் ஒப்பிட்டால் முடிவு இன்னும் உறுதியாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இச்சோதனையில் இருந்தவை இளங்கன்றுகள். தாயும் இல்லை, சேயும் இல்லை. இரண்டும் ஒரே இனமும் அல்ல. இதிலிருந்து ‘தாய்மரம் தன் பிள்ளைக்கு ஊட்டுகிறது’ என்னும் முடிவுக்கு நேராகப் போக வழியில்லை.

அருகம்புல் சொன்ன சாட்சி

இதே 1990-களில் பிரிட்டனில் அலஸ்டர் ஃபிட்டர், டேவிட் ராபின்சன் முதலிய ஆய்வாளர்கள் வேறொரு சோதனை செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடிகளுள் ஒன்று நமக்கு நன்கு தெரிந்த அருகம்புல். அதையும் அகன்ற இலையுள்ள வேறொரு செடியையும் ஒரே வேர்ப்பூசணத்தால் இணைத்துக் கரி போகிறதா என்று பார்த்தார்கள்.

கரி போனது. ஆனால் போய்ச் சேர்ந்த செடியின் வேரிலேயே தங்கிவிட்டது. தண்டுக்கோ இலைக்கோ ஏறவில்லை. வேருக்குள் இருப்பது செடியின் சதை மட்டுமன்று. பூசணத்தின் உடலும் அங்கேதான் இருக்கிறது. கரி அந்தப் பூசணத்தின் உடலிலேயே இருந்தால், ஒரு செடியிடம் வாங்கிய உணவைப் பூசணம் தன் உடலின் மற்றொரு மூலைக்குக் கொண்டுபோயிற்று என்றுதான் பொருள். அடுத்த செடிக்கு ஒரு பருக்கையும் கிடைக்கவில்லை!

சிமார்ட் நூலில் எனக்குப் படும் பெரிய குறை இதுதான். அவர் பூசணத்தைக் கம்பியாகவும் குழாயாகவும் காண்கிறார். அதுவோ பசியுள்ள உயிர். தன் பிழைப்பைத் தான் பார்த்துக்கொள்வது.

நாற்பத்தேழு மரங்கள்

‘தாய்மரம்’ என்ற பெயருக்கு நூல் காட்டும் இன்னொரு சான்று ஒரு வரைபடம். 30 மீட்டருக்கு 30 மீட்டர் அளவுள்ள ஒரு காட்டுத் துண்டில் மரங்களையும் இரண்டு பூசண இனங்களையும் மரபுப் பொருளைக் கொண்டு அடையாளம் கண்டு, 2010-ல் சிமார்டின் குழுவினர் வெளியிட்டார்கள். ஒரு பெரிய மரம் மற்ற 47 மரங்களோடு இணைந்திருப்பதாக அதில் தெரிந்தது.

அந்தப் பெரிய மரத்தின் வேரில் இருந்த பூசண உடல்கள் மற்ற 47 மரங்களின் வேர்களிலும் இருந்தன என்பது மெய். அந்த இழை இன்றும் அறுபடாமல் இருக்கிறதா, அதன் வழியே ஏதேனும் ஓடுகிறதா என்பதை வரைபடம் காட்டாது. பண்ணுருட்டிச் சந்தையில் ஒரே வியாபாரி 48 தோட்டங்களில் பலாப்பழம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்தோட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் பழம் அனுப்பிக்கொள்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

2023 பிப்ரவரியில் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்ஸீமா ஆகிய மூவரும் இத்துறைக் கட்டுரைகளை அலசி ஒரு திறனாய்வு வெளியிட்டார்கள். இவர்களுள் மெலனி ஜோன்ஸ், 1997 ஆய்வில் சிமார்டோடு கையெழுத்திட்டவர்! தாம் பங்குகொண்ட ஆய்வையே மறுபடி தராசில் வைத்த அந்த நேர்மையை மாணவர்கள் கவனிக்கவேண்டும். அவர்கள் கண்டவை மூன்று. காடுகளில் பூசண வலை எங்கும் பரவியுள்ளது என்று சொல்லப் போதிய கள ஆய்வு இல்லை. வலை வழியாக உணவு வந்து கன்றுகள் செழிக்கின்றன என்பதற்கு முரணான முடிவுகளும் ஏராளம். வேறு காரணங்களும் விலக்கப்படவில்லை. முதிர்ந்த மரம் தன் சொந்தக் கன்றுகளைத் தேர்ந்து சத்தும் எச்சரிக்கையும் அனுப்புகிறது என்பதற்குக் காட்டில் செய்து வெளியிட்ட சான்று ஒன்றுகூட இல்லை. சாதகமான முடிவுகளையே பின்வந்தவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்டதால் பொய்யான உறுதி வளர்ந்துவிட்டது என்றும் அவர்கள் சொன்னார்கள்.

சிமார்ட் தம் முடிவுகளை விட்டுக்கொடுக்கவில்லை. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் முழுமை தெரியாது என்பது அவர் வாதம். வாதம் நடக்கட்டும். தீர்ப்பு வராத வழக்கைத் தீர்ந்த வழக்காகச் சொல்வதுதான் நூலின் பிழை.

நம் ஊர் வேர்களில் நடப்பது

இதைக் கேட்டுவிட்டு, ‘ஓகோ, பூசணக் கதை முழுதும் பொய்’ என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு செடிக்கும் அதன் வேரிலுள்ள பூசணத்துக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. 1885-ல் ஜெர்மன் அறிஞர் ஃபிராங்க் இந்தக் கூட்டு வேருக்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். விலையுயர்ந்த டிரஃபிள் காளானை வளர்க்க வழி தேடச் சொன்ன அரசாங்க வேலையில்தான் அவர் இதைக் கண்டார் என்பது சுவையான செய்தி.

மைக்கோரைசாவில் முக்கிய வகைகள் இரண்டு. ஒன்று வேரின் வெளியே உறைபோல் போர்த்துவது. கனடாவின் ஃபர், பிர்ச், நீலகிரியில் கொண்டுவந்து நட்ட பைன் முதலியவற்றில் காண்பது இது. மற்றொன்று வேரணுக்களுக்குள்ளேயே புகுந்து சிறு மரம்போல் கிளைப்பது. இதற்கு வேர் உட்பூசணம் என்று பெயர். விவசாயிகள் ‘வேம்’ என்பார்கள். முந்திரி, பலா, நிலக்கடலை, கரும்பு, வெங்காயம், சோளம் என நம் பயிர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைக் கூட்டாளிகள். எனவே கனடாக் காட்டின் வலையை அப்படியே கடலூர் மாவட்டத்துக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

வேம் என்ன செய்கிறது? மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாக நகரும் பொருள். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சியபின் அங்கே வறட்சி ஏற்பட்டுவிடும். மிக மெல்லிய பூசண இழைகள் அந்த வறண்ட வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய் மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. கொழுப்பையும் கொடுக்கிறது என்பது 2017-ல் தெளிவாயிற்று. அந்தக் கொழுப்பு இல்லாமல் இப்பூசணம் வாழவே முடியாது.

செடியே பூசணத்தைக் கூப்பிடவும் செய்கிறது. வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள் பூசண இழையைக் கிளைக்கச் செய்கிறது என்று 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அதே பொருள்தான் சோளத்தை உறிஞ்சிக் கொல்லும் சுடுமல்லிக் களையின் விதையையும் முளைக்கச் செய்கிறது. நண்பனுக்குக் கொடுத்த குரல் திருடன் காதிலும் விழுகிறது! மண்ணுக்குள் அன்பு மட்டுமே உலவுகிறது என்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இத்துறை நமக்குப் புதிதுமன்று. ஆசிய நாடுகளின் முதல் மைக்கோரைசா மாநாடு 1988 ஜனவரியில் சென்னையில்தான் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர்கள் அதன் கட்டுரைகளைத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பின் பெயரை எத்தனை ஆசிரியர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்? தாய்மரம் மட்டும் எல்லாருக்கும் தெரிகிறது.

நெய்வேலி மண்மேடு

இங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் நெய்வேலி. 1956-ல் நிறுவனம் தோன்றி, 1957-ல் வேலை தொடங்கிய சுரங்கம் அது. பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதன் மேலுள்ள மண்ணையும் மணற்கல்லையும் சக்கர வாளி இயந்திரங்கள் வெட்டிக் கொட்டுகின்றன. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண் அள்ளவேண்டியிருக்கிறது. அந்த மண்மேடுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் குன்றுகள்போல் தெரியும்.

சிமார்டின் காட்டில் மரத்தைத்தான் வெட்டினார்கள். மண் அங்கேயே இருந்தது. இங்கோ மண்ணே தலைகீழாகிவிட்டது. பல மீட்டர் ஆழத்தில் வெளிச்சமும் வேரும் காணாமல் கிடந்த மண் மேலே வந்துவிடுகிறது. அதில் மட்கு மிகக் குறைவு. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. உயிருள்ள பூசண வித்துகளைத் தேடத்தான் வேண்டும். வேம் பூசணத்தின் வித்துகளும் இழைகளும் பெரும்பாலும் மேல் முப்பது சென்டிமீட்டர் மண்ணிலேயே இருப்பவை.

நெய்வேலியில் வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இம்மேடுகளை மீட்கும் ஆய்வுகள் நடந்தன. தொழு உரம், நுண்ணுயிர் உரம், பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்த ஹியூமிக் அமிலம் எனப் பலவும் சேர்த்துப் பயிர் செய்து பார்த்தார்கள். இன்று அங்கே மரங்கள் நிற்கும் பரப்புகளைப் பார்க்கலாம். ஆனால் மரம் நிற்பதும் மண் மீண்டதும் ஒன்றல்ல. மரங்களை எண்ணுவது எளிது. வேர்களைத் தோண்டி எத்தனை விழுக்காடு பூசணம் குடியேறியிருக்கிறது என்று எண்ணுவது கடினம். மண் மீண்டதற்கு அளவுகோல் இரண்டாவதே.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாக்சைட் சுரங்கங்களில் ஒரு பாடம் கற்றார்கள். மேல்மண்ணைத் தனியே எடுத்து, நெடுநாள் குவித்து வைக்காமல், மீட்கவேண்டிய இடத்தில் உடனே பரப்புவதே நல்லது. குவியலில் கிடக்கக் கிடக்க விதைகளும் பூசணங்களும் மடிந்துபோகும். வெட்டிப் புரட்டுவதாலேயே இழைகள் அறுந்து வலு இழக்கின்றன என்றும் அங்குள்ள ஆய்வாளர்கள் 1980-களில் காட்டினார்கள். சிமார்டின் நூலில் நமக்கு மிகப் பயன்படும் செய்தியும் இதுவே: பழைய மண்ணைக் காப்பாற்று, மண்ணுயிர் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதே. தாய்மரக் கதையின் இரைச்சலில் இந்தச் செய்தி காதில் விழாமல் போகிறது.

பொட்டலமும் மேல்மண்ணும்

முந்திரி விவசாயிக்கு வருவோம். அவர் தோட்டத்துக்குப் போனேன். நிலம் சாலையைவிட மூன்றடி பள்ளமாக இருந்தது. என்ன என்று கேட்டால், இரண்டாண்டுகளுக்கு முன் செம்மண்ணை லாரிக்கணக்கில் விற்றுவிட்டாராம். மகள் கலியாணச் செலவு. மேல்மண்ணோடு பூசணமும் மட்கும் லாரியில் ஏறிப் போய்விட்டன. இப்போது அவர் பணம் கொடுத்துப் பொட்டலத்தில் வாங்குவது, தாம் விற்றதில் ஒரு சிட்டிகை! பொட்டலங்களோ தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்தன.

வேம் உரம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நாற்றங்காலிலும், பூசணமே அற்ற மண்ணிலும், உயிருள்ள உரம் பயன் தரும். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையிலும் அதற்குத் தர வரம்பு உண்டு. ஆனால் பலன் மண்ணுக்கு மண் மாறும். சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் வேம் இட்டுப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. சில வயல்களில் வளர்ச்சி 40 சதவீதம் கூடியது. சிலவற்றில் 12 சதவீதம் குறையவும் செய்தது. அம்மண்ணில் ஏற்கெனவே என்ன உயிர்கள் இருந்தன என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானித்தது. மேலும் கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியவை இப்பூசணத்தோடு கூட்டே வைப்பதில்லை. அவற்றுக்கு வேம் வாங்குவது வீண் செலவு.

அவரிடம் சொன்னது இதுதான்: வாங்கிய பொடியைப் பாதிக் கன்றுகளுக்கு மட்டும் இடுங்கள், மறுபாதிக்கு இடாமல் அடையாளம் கட்டி வையுங்கள். எல்லாக் கன்றுக்கும் தொழு உரமும் மூடாக்கும் போடுங்கள். பக்கத்துத் தோப்பில் நோயில்லாத பழைய முந்திரி மரத்தடி மண்ணை ஒரு கூடை கேட்டு வாங்கி, சில கன்றுகளுக்கு அதையும் வையுங்கள். அவர் சிரித்துக்கொண்டே, “மண்ணை விற்றவன் மண்ணைக் கேட்டுப் போகணுமா?” என்றார். கேட்டுப் போனார்.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களுக்கு ஒரு சோதனை. சத்துக் குறைந்த செம்மண்ணை இட்லிப் பானையில் அடுத்தடுத்து இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆவியில் வேக வையுங்கள். பதினைந்து தொட்டிகளில் நிரப்பிச் சோளம் விதையுங்கள். ஐந்து தொட்டிகளை அப்படியே விடுங்கள். ஐந்தில் ஒரு பழைய புளியமரத்தடி மண் ஒரு பிடி சேருங்கள். மீதி ஐந்தில் அதே மரத்தடி மண்ணை வேகவைத்து ஒரு பிடி போட்டு, வேகாத மண்ணைக் கரைத்து வடிதாளில் வடித்த நீரையும் ஊற்றுங்கள். வடிநீரில் பாக்டீரியா போகும். பூசண வித்து பெரியதாதலால் நின்றுவிடும்.

நாற்பத்தைந்து நாட்கள் கழித்துச் செடிகளைப் பிடுங்கி உலர்த்தி நிறுங்கள். இரண்டாம் ஐந்து மற்ற பத்தையும் மிஞ்சினால், வடிதாளில் நின்றுபோன ஏதோ ஒன்று உதவியிருக்கிறது. பூசணமா என்று உறுதி செய்ய, ஆசிரியர் துணையோடு சில வேர்த் துணுக்குகளைப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி வெளுத்து, கழுவி, வினிகரில் கலந்த பேனா மையில் தோய்த்து நுண்நோக்கியில் பாருங்கள். நீல இழைகள் தெரியும். வேறுபாடே இல்லையென்றால் வருந்தவேண்டாம்; உங்கள் மண்ணில் மணிச்சத்து போதுமான அளவு இருக்கலாம். அதையும் குறித்துவையுங்கள்.

மூன்றாம் ஐந்து தொட்டிகளை எதற்கு வைத்தோம் என்று புரிந்துகொண்டவர், ‘தாய்மரத்தைத் தேடி’ நூலைத் தைரியமாகப் படிக்கலாம். அதன் உழைப்பை மதிப்பார். அதன் தாவல்களையும் கண்டுகொள்வார். என்னிடம் கேள்வி கேட்ட மாணவன் தொட்டிகளை அடுக்கிவிட்டான். விதைப்பு அடுத்த வாரம்.